பீட்டா செல்லில் கொழுப்பு அமிலமும் கால்சியமும்: ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கின் கெலுகோரிலோ கெப்பாளா பத்தாசிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் தலைப்பைக் கொடுத்துவிட்டார்: இன்சுலின் சுரக்கும் கணைய பீட்டா செல்களில் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தை என்ன செய்கின்றன? கட்டுரைகளைப் புரட்டினால் ஒன்றில் பால்மிட்டிக் அமிலம் கால்சியத்தை ஏற்றுகிறது. இன்னொன்றில் இறக்குகிறது. மூன்றாவதில் செல்லையே கொன்றுவிடுகிறது. மூன்றும் உண்மையாக இருக்க முடியும். எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமின் எவ்வளவோடு கொடுத்தார்கள், அப்போது குளுக்கோஸ் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள். முரண்பாடுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். உங்கள் பரிசோதனையையும் இந்த மூன்றைச் சுற்றித்தான் அமைக்கச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் முக்கியம் என்று நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இனிப்பு நீர் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கிறது? அதனால்தான் இந்த வேலையை அவசரமில்லாமல், சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

செல்லுக்குள் நடப்பது

பிப்பெட்டைத் தொடுவதற்கு முன் இந்த வரிசை மனத்தில் பதிய வேண்டும். குளுக்கோஸ் உள்ளே போகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து வளர்சிதைப் பாதையில் ஏற்றுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கூடுகிறது. ஏடிபி கூடினால் செல் சவ்விலுள்ள கே-ஏடிபி கால்வாய் மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேறுவது குறைந்ததும் சவ்வின் மின்னழுத்தம் ஏறும், எல்-வகை கால்சியம் கால்வாய்கள் திறக்கும், வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே விடும்.

சில எண்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஓய்வு நிலையில் சைட்டோபிளாசத்தில் கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார். செல்லுக்கு வெளியே 1 முதல் 2 மில்லிமோலார், அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக ஈஆர் என்று சொல்லும் எண்டோபிளாச வலைக்குள் சில நூறு மைக்ரோமோலார். இந்த ஈஆர் கிடங்கை நிரப்பிக்கொண்டே இருப்பது செர்கா என்ற பம்ப். அதற்கும் ஏடிபி வேண்டும்.

இப்போது கொழுப்பு அமிலம் எங்கெங்கே தலையிடுகிறது என்று பாருங்கள்.

செல்லின் மேற்பரப்பிலேயே அதற்கு ஓர் ஏற்பி இருக்கிறது: ஜிபிஆர்40. நடுத்தர, நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இதைத் தூண்டுகின்றன என்பது 2003இல் வெளிவந்தது. தூண்டப்பட்டதும் ஃபாஸ்ஃபோலிபேஸ்-சி என்ற நொதி வேலை செய்யும், ஐபி3 என்ற தூது மூலக்கூறு உண்டாகும், அது ஈஆரிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும். எல்லாம் விநாடிகள், நிமிடங்களில் முடிகிற காரியம். குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது இதனால் இன்சுலின் சுரப்பு பெரிதாக ஏறாது. குளுக்கோஸ் ஏறியிருக்கும்போதுதான் இது உதவிக்கு வருகிறது. இந்தக் குணத்தை நம்பித்தான் டக்கேடா நிறுவனம் ஃபாசிகிளிஃபாம் என்ற மருந்தை உருவாக்கியது. மனிதர்களிடம் சர்க்கரையை அது குறைக்கவும் செய்தது. கல்லீரல் பாதுகாப்புக் குறித்த கவலையால் 2013 டிசம்பரில் அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. மருந்து நின்றாலும் ஏற்பி பற்றிய அறிவியல் அப்படியே நிற்கிறது.

அடுத்தது செல்லுக்குள். உள்ளே போன கொழுப்பு அமிலம் எரிப்பதற்கு ஏற்ற ஏசைல்-கோஏ என்ற வடிவமாக மாறுகிறது. சாதாரணமாக மைட்டோகாண்ட்ரியா அதை எரித்துவிடும். ஆனால் குளுக்கோஸும் அதிகமாக இருந்தால் மலோனைல்-கோஏ கூடி, கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் சிபிடி-1 நொதியைத் தடுக்கிறது. எரியாத நீண்ட சங்கிலி ஏசைல்-கோஏ சைட்டோபிளாசத்தில் தேங்குகிறது. இது கே-ஏடிபி கால்வாயைத் திறக்கக்கூடியது. குளுக்கோஸ் மூடப் பார்க்கும் கால்வாயை இது திறக்கப் பார்க்கிறது. குளுக்கோஸ் அளவைச் சொல்லாமல் கொழுப்பு அமிலத்தைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது, நாள்கணக்கில் நடப்பது. பால்மிட்டிக் போன்ற நிறைவுற்ற அமிலத்தில் ஒன்றிரண்டு நாள் கிடக்கும் செல்லில் ஈஆர் கால்சியம் வடிகிறது, அங்கே புரதங்கள் சரியாக மடிவதில்லை, ஈஆர் அழுத்தம் ஏறி, கடைசியில் செல் தானே இறந்துபோகிறது. நிறைவுறாத ஓலிக் அமிலம் இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. பால்மிட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் செல்லைக் காக்கவும் செய்கிறது. இங்கே செம்பனை எண்ணெயைப் பற்றி உடனே கேட்பார்கள். அதில் பால்மிட்டிக் சுமார் 44 விழுக்காடு, ஓலிக் சுமார் 40 விழுக்காடு. இரண்டும் ஒரே எண்ணெயில் இருக்கின்றன. அந்த எண்ணெய் நல்லதா கெட்டதா என்பதற்கு உங்கள் டிஷ்ஷில் விடை கிடையாது. வீட்டில் யாராவது கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். நாசி கண்டார் சாப்பிட்டவுடன் ரத்தத்தில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். உணவுக் கொழுப்பு பெரும்பாலும் கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகள்களாகப் போகிறது. சாப்பாட்டோடு ஏறும் இன்சுலின், கொழுப்புத் திசுவிலிருந்து அமிலம் வெளிவருவதை அடக்குவதால் கட்டற்ற அளவு குறையத்தான் செய்யும். தைப்பூசத்தன்று வெறும் வயிற்றோடு தண்ணீர்மலை ஏறுபவரின் ரத்தத்தில்தான் அது கூடியிருக்கும். பட்டினி நிலையில் இந்த அமிலங்கள் பீட்டா செல்லுக்குத் தேவையும்கூட: பட்டினி போட்ட எலிகளின் ரத்தத்தில் கட்டற்ற கொழுப்பு அமிலத்தைக் குறைத்தபோது, குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் சுரப்பு ஏறவில்லை என்று 1996இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எதிரியைத் தேடும் மனநிலையோடு இந்த ஆய்வைத் தொடங்க வேண்டாம்.

படி 1: எந்த நேர அளவு என்று முடிவு செய்யுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதுங்கள். நிமிடக் கேள்வி என்றால் ஏற்பி, ஈஆர் விடுவிப்பு, கால்வாய்த் திறப்பு. நாள் கேள்வி என்றால் ஈஆர் வடிதல், அழுத்தம், சுரப்புக் குறைபாடு. இரண்டுக்கும் செல் தயாரிப்பு வேறு, கன்ட்ரோல் வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவது வேண்டாம். நிமிடக் கேள்வியில் ஆரம்பிப்பதுதான் நல்லது. அதில் சாயமும் நுண்ணோக்கியும் கைக்குப் பழகிவிடும்.

படி 2: செல்

பெரும்பாலும் உங்கள் கையில் கிடைப்பது எலியின் இன்சுலினோமா என்ற பீட்டா செல் கட்டியிலிருந்து வந்த ஐஎன்எஸ்-1 வகை அல்லது சுண்டெலியிலிருந்து வந்த மின்6. ஐஎன்எஸ்-1 செல்லுக்கு வழக்கமான மீடியம்: 11 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள ஆர்பிஎம்ஐ 1640, 10 விழுக்காடு சீரம், ஹெபெஸ், குளூட்டமின், பைருவேட், கூடவே 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால். கடைசிப் பொருளை விட்டுவிட்டால் செல் நன்றாக வளராது.

இந்தச் செல்கள் கண்ணாடியில் பலவீனமாகத்தான் ஒட்டும். கவர்ஸ்லிப்பில் பாலிலைசின் பூசிக் காயவைத்து, அளவெடுப்பதற்கு இரண்டு நாளுக்கு முன்பே விதைத்துவிடுங்கள். பாசேஜ் எண்ணை, அதாவது செல்லை எத்தனை முறை பிரித்துப் புதிதாக வளர்த்தீர்கள் என்பதை, ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பாசேஜ் ஏற ஏற குளுக்கோஸுக்குச் செல் காட்டும் பதில் மங்கும். ஆகவே ஒரு நுழைவுத் தேர்வு வையுங்கள்: 2.8 மில்லிமோலார் குளுக்கோஸிலிருந்து 16.7க்கு மாற்றும்போது கால்சியம் தெளிவாக ஏற வேண்டும். ஏறாத செல்லில் கொழுப்பு அமிலப் பரிசோதனை செய்து பயனில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்றுக்கான சோதனையையும் தவறவிடக் கூடாது.

மின்தடைக்கும் தயாராக இருங்கள். மாலை இடிமழையில் ஒரு தடவை மின்சாரம் போய் வந்தால் இன்குபேட்டரின் வெப்பமும் கார்பன் டைஆக்சைடும் ஆடிப்போகும். 72 மணிநேரப் பரிசோதனையின் நடுவில் அது நடந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். காப்பு மின்சாரம் உள்ள இணைப்பு எது என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

படி 3: ஆல்புமின்

இந்த ஆய்வின் பாதி இங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பால்மிட்டேட் (பால்மிட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்; ஓலிக்குக்கு ஓலியேட்) தண்ணீரில் கரையாது. அப்படியே மீடியத்தில் விட்டால் அங்கிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் சோப்பாகப் படியும். கால்சியத்தை அளக்கும் பரிசோதனையில் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும் படிவு! ஆகவே ரத்தத்தில் நடப்பது போலவே ஆல்புமினோடு பிணைத்துக் கொடுக்க வேண்டும். பிணைந்ததும் பெரும்பகுதி ஆல்புமினிலேயே தங்கிவிடும். கரைசலில் கட்டற்று இருப்பது நானோமோலார் அளவுதான். பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெரியை நினைத்துக்கொள்ளுங்கள்: கப்பலில் எத்தனை பேர் இருந்தாலும் ஜார்ஜ்டவுன் தெருவில் நடப்பது இறங்கியவர்கள் மட்டும். செல் சந்திப்பதும் இறங்கியவர்களைத்தான். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கொழுப்பு அமிலத்துக்கும் ஆல்புமினுக்கும் உள்ள மோலார் விகிதம்.

ஆகவே "0.5 மில்லிமோலார் பால்மிட்டேட்" என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரை உங்களுக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது. 1 விழுக்காடு ஆல்புமினோடு என்றால் விகிதம் 3.3. அரை விழுக்காடு என்றால் 6.7. ஒரே 0.5 மில்லிமோலார், ஆனால் செல்லுக்கு இரண்டும் முற்றிலும் வேறு. ஆரோக்கியமான மனித ரத்தத்தில் ஆல்புமின் சுமார் 0.6 மில்லிமோலார், கட்டற்ற கொழுப்பு அமிலம் என்று மருத்துவர்கள் அளப்பது (ஆல்புமினோடு பிணைந்ததையும் சேர்த்து) அரை மில்லிமோலார் அளவில். விகிதம் ஏறக்குறைய ஒன்று. ஆல்புமினில் நீண்ட சங்கிலி அமிலத்துக்கு நல்ல பிணைப்பிடங்கள் ஏழு அளவில்தான் உண்டு. விகிதம் அதை நெருங்கினால் கட்டற்ற அளவு மளமளவென்று ஏறும், அதன்பின் நீங்கள் பார்ப்பது சமிக்ஞையா சோப்புத் தண்ணீரின் விளைவா என்று பிரிக்க முடியாது.

10 மில்லிலிட்டர் ஸ்டாக் செய்யும் முறை இது:

1. கொழுப்பு அமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 1 கிராம் எடுத்து, உப்புக் கரைசலிலோ சீரம் இல்லாத மீடியத்திலோ மொத்தம் 9.5 மில்லிலிட்டராகக் கரையுங்கள். பொடியை மேலே தூவிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். குலுக்கினால் நுரை வரும், புரதம் கெடும். சாதாரண ஆல்புமின் வேண்டாம். அதில் ஏற்கெனவே கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். கரைந்ததும் 37 டிகிரியில் வையுங்கள்.

2. சோடியம் பால்மிட்டேட் 27.8 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டு 70 டிகிரியில் தெளியும் வரை சூடாக்குங்கள். இது 100 மில்லிமோலார். நம் ஆய்வுக்கூடங்களில் ஏர்கான் குளிர் அதிகம். சூட்டிலிருந்து எடுத்த உடனே கரைசல் வெள்ளையாக உறையும். பிப்பெட் முனையையும் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. அதில் அரை மில்லிலிட்டரை, சொட்டுச் சொட்டாக, 37 டிகிரி ஆல்புமினில் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு மணிநேரம் அப்படியே 37 டிகிரியில் இருக்கட்டும். கிடைப்பது 10 விழுக்காடு ஆல்புமினில் 5 மில்லிமோலார் பால்மிட்டேட்.

4. பிஎச் 7.4 இருக்கிறதா என்று பாருங்கள். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள்.

5. அதே ஆல்புமினில், அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு, பால்மிட்டேட் மட்டும் இல்லாமல் இன்னொரு ஸ்டாக். இதுதான் கன்ட்ரோல்.

கன்ட்ரோலாக வெறும் மீடியத்தை வைப்பது ஏன் போதாது? ஆல்புமின் கால்சியத்தையும் பிடிக்கும். நம் ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குப் புரதத்தில்தான் பிணைந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி ஆல்புமினில். ஒரு டிஷ்ஷில் ஆல்புமின் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் வெளிக் கால்சியமே சற்று மாறியிருக்கும்.

வடிகட்டியபின் உண்மையான அளவை ஒரு நொதி கிட் வைத்து அளந்துவிடுங்கள். வடிகட்டியில் தங்கிவிடும் பங்கு உண்டு. ஸ்டாக்கை மீடியத்தில் பத்தில் ஒன்றாக விட்டதும் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பாருங்கள். ஊசி போன்ற படிகமோ கலங்கலோ தெரிந்தால் அந்த ஸ்டாக்கைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஓலிக் அமிலத்துக்கும் இதே வழியில் ஒரு ஸ்டாக் செய்யுங்கள். கொழுப்பு அமிலம் எதுவானாலும் வரும் விளைவு எது, பால்மிட்டிக்குக்கே உரியது எது என்று பிரித்துக் காட்ட அது வேண்டும்.

படி 4: சாயம்

செல்லுக்குள் கால்சியத்தைக் காட்டும் ஒளிரும் சாயமாக ஃபூரா-2 போதும். 1985இல் ரோஜர் சியனும் அவருடைய சகாக்களும் கொடுத்தது, இன்றும் நம்பகமானது. 340, 380 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்களில் மாறி மாறித் தூண்டி, 510 அருகே ஒளியை வாங்குகிறோம். கால்சியம் ஏறினால் 340இல் ஒளி கூடும், 380இல் குறையும். இரண்டின் விகிதத்தை எடுப்பதால் செல்லின் தடிமனோ சாயத்தின் அளவோ பெரிதாகக் குழப்பாது. ஃப்ளூவோ-4 பிரகாசமானதுதான், ஆனால் ஒரே அலைநீளம் என்பதால் கொழுப்பு அமில வேலைக்கு நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். காரணம் கீழே வருகிறது.

நம் ஊரின் ஈரக்காற்று இந்தச் சாயத்துக்கு எதிரி. செல்லுக்குள் நுழைவதற்காக ஏஎம் எஸ்டர் வடிவத்தில் வருகிறது. ஈரம் பட்டால் எஸ்டர் உடைந்துவிடும், பிறகு அது செல்லுக்குள் போகாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த குழாயை உடனே திறக்காதீர்கள். உலர்த்தியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

2 முதல் 5 மைக்ரோமோலார் சாயம், சாயம் கரைய உதவும் புளூரானிக் கொஞ்சம், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பிறகு கழுவி, எஸ்டர் முழுதும் உடைய இன்னும் 20, 30 நிமிடம் விடுங்கள். 340 நானோமீட்டர் ஒளி சாதாரண பிளாஸ்டிக் டிஷ் வழியே சரியாகப் போகாது. கண்ணாடி அடித்தளம் வேண்டும். சாயம் ஏற்றாத ஒரு கவர்ஸ்லிப்பையும் அளந்து வையுங்கள். குளுக்கோஸ் கொடுத்ததும் செல்லின் சொந்த மூலக்கூறான என்ஏடிபிஎச் ஒளிரும். அதுவும் 340 பக்கம்தான் தூண்டப்படுகிறது. பின்னணியாக அதைக் கழிக்காவிட்டால் இல்லாத கால்சியத்தைக் கண்டதாக எழுதிவிட வாய்ப்புண்டு.

படி 5: நிமிடக் கேள்விக்கான ஓட்டம்

நுண்ணோக்கியின் மேடை 37 டிகிரியில், க்ரெப்ஸ் என்ற உப்புக் கரைசல் ஓடிக்கொண்டிருக்கட்டும். முதலில் 2.8 மில்லிமோலார் குளுக்கோஸில் அடிக்கோடு (தூண்டுவதற்கு முந்தைய நிலை), ஐந்து நிமிடமாவது. அப்புறம் 16.7 அல்லது நடுத்தரமாக 11. கோடு ஒரு நிலைக்கு வந்ததும் கொழுப்பு அமிலம். கடைசியில் 30 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, செல் உயிரோடிருக்கிறது, கால்வாய்கள் வேலை செய்கின்றன என்று காட்ட. ஓடும் கரைசல் எல்லாவற்றிலும் ஆல்புமின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். அமிலத்தோடு ஆல்புமினும் புதிதாக வந்தால், கோட்டில் வரும் மாற்றம் யாருடையது என்று சொல்ல வழியில்லை. வேறொரு கவர்ஸ்லிப்பில் குளுக்கோஸை 2.8இலேயே வைத்து அமிலத்தைக் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசமே பாடம்.

ஏற்றம் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது? வெளிக் கால்சியத்தை எடுத்துவிட்டு, மிச்சக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ சேர்த்த கரைசலில் மறுபடி கொடுங்கள். அப்போதும் ஒரு சிறு மேடு வந்தால் அது ஈஆரிலிருந்து. செர்கா பம்பை நிறுத்தும் தாப்சிகார்கின் 1 மைக்ரோமோலார் கொடுத்துக் கிடங்கைக் காலி செய்தபின் அந்த மேடு மறைய வேண்டும். வெளிக் கால்சியம் இருக்கும்போது மட்டும் வரும் ஏற்றத்தை நிஃபெடிபின் தடுத்தால் அது எல்-வகைக் கால்வாய் வழி வந்தது. டயசாக்சைடு கொடுத்து கே-ஏடிபி கால்வாயைத் திறந்தே வைத்துவிட்டு ஏற்பியின் பங்கை மட்டும் பார்க்கலாம். ஜிபிஆர்40க்குத் தடுப்பானாக ஜிடபிள்யூ1100 கிடைக்கிறது. ஒரு தடுப்பானை மட்டும் நம்பாமல், மரபணுவை அடக்கியும் காட்ட முடிந்தால் முடிவு உறுதிப்படும்.

ஃப்ளூவோ-4ஐ இரண்டாம் இடத்தில் வைப்பதற்கான காரணம் இதுதான். கட்டற்ற கொழுப்பு அமிலம் அதிகமானால் சவ்வு கசியும், சாயம் வெளியே வடியும். ஃபூரா-2இல் விகிதத்தோடு நிற்காமல் இரண்டு கோடுகளையும் தனித்தனியே திறந்து பாருங்கள். 340 ஏறி 380 இறங்கினால் அது கால்சியம். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சாயம் வடிகிறது. ஒற்றை அலைநீளச் சாயத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது: கசிவு கால்சியம் குறைந்தது போலவே தோன்றும்.

படி 6: நாள் கேள்வி

24, 48, 72 மணிநேரம். சீரத்தை 1 விழுக்காடாகக் குறையுங்கள், ஏனென்றால் சீரத்திலும் ஆல்புமினும் கொழுப்பும் இருக்கின்றன. நான்கு தொகுதி வேண்டும்: ஆல்புமின் மட்டும், பால்மிட்டேட், ஓலியேட், இரண்டும் சேர்ந்து. குளுக்கோஸைச் சாதாரண அளவிலும் உயர்ந்த அளவிலும் வைத்தால் எட்டு. முதலில் எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று எண்ணுங்கள். பாதி செத்துவிட்ட டிஷ்ஷில் கால்சியம் அளந்து சமிக்ஞை பற்றிப் பேச முடியாது. நேரத்தையோ விகிதத்தையோ குறைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது மூன்று தூண்டலைத் தனித்தனியாகக் கொடுங்கள்: குளுக்கோஸ், கே-ஏடிபி கால்வாயை நேரே மூடும் டால்பூட்டமைடு, பொட்டாசியம். குளுக்கோஸுக்குப் பதில் குறைந்து, டால்பூட்டமைடுக்கும் பொட்டாசியத்துக்கும் பதில் சரியாக இருந்தால் கோளாறு கே-ஏடிபி கால்வாய்க்கு முன்னால், வளர்சிதைப் பக்கம். டால்பூட்டமைடுக்கும் குறைந்து பொட்டாசியத்துக்கு மட்டும் சரியாக இருந்தால் கே-ஏடிபி கால்வாயைச் சந்தேகியுங்கள். பொட்டாசியத்துக்கும் குறைந்தால் கால்சியம் கால்வாய் அல்லது அதற்கப்பால். ஈஆர் கிடங்கை அறிய, கால்சியம் இல்லாத கரைசலில் தாப்சிகார்கின் கொடுத்து, வரும் மேட்டின் பரப்பை ஒப்பிடுங்கள். பால்மிட்டேட் தொகுதியில் மேடு சிறுத்திருந்தால் கிடங்கு ஏற்கெனவே வடிந்திருக்கிறது. உடன் சாப், பிப் போன்ற ஈஆர் அழுத்தக் குறிகளையும் பாருங்கள்.

இன்சுலினையும் அதே நாளில், அதே பாசேஜில் எலிசா மூலம் அளக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் காரணம். நீண்ட நேரம் பால்மிட்டேட்டில் வைத்த பீட்டா செல்களில் கால்சியம் கால்வாய்கள் இன்சுலின் நுண்பைகளை விட்டு விலகிப்போவதை அது காட்டியது. உள்ளே வரும் மொத்தக் கால்சியம் அவ்வளவாகக் குறையவில்லை. வர வேண்டிய இடத்தில் வரவில்லை. ஃபூரா-2 செல் முழுவதன் சராசரியைத்தான் சொல்லும். கோடு அழகாக ஏறியும் இன்சுலின் வராவிட்டால் உங்கள் அளவீடு தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 7: எண்ணிக்கை

ஒரு கவர்ஸ்லிப்பில் ஐம்பது செல்லின் கோடு கிடைத்தால் அது ஐம்பது பரிசோதனை அல்ல. வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் செய்த ஓட்டம்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப்படும். செல்களைத் தனித்தனியாக எண்ணிப் புள்ளியியல் போட்டால் எதுவும் முக்கியமாகத் தெரியும். இந்தத் துறையில் மீண்டும் செய்துபார்த்தால் நிற்காத முடிவுகளுக்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. எந்தக் கவர்ஸ்லிப் எந்தத் தொகுதி என்று தெரியாமல் பகுப்பாய்வு செய்ய ஒரு சக மாணவரிடம் குறியீடு போடச் சொல்லுங்கள்.

உச்சத்தை மட்டும் எழுதாதீர்கள். அடிக்கோடு, ஏறத் தொடங்கும் நேரம், பரப்பு, அலைவு எல்லாமே தகவல். பீட்டா செல்கள் கூட்டமாக இருக்கும் சுண்டெலியின் முழு லாங்கர்ஹான்ஸ் தீவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் மெதுவான அலைவு உண்டு. தனித்தனி ஐஎன்எஸ்-1 செல்களில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். விகிதத்தை நானோமோலாராக மாற்ற விரும்பினால் ஒவ்வொரு நாளும், கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் அயனோமைசினால் உச்சத்தையும் ஈஜிடிஏவால் அடியையும் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் விகிதமாகவே எழுதினால் போதும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் தலைப்பிலும் இவை இருக்கட்டும்: செல், பாசேஜ், கொழுப்பு அமிலத்தின் அளந்த அளவு, ஆல்புமின் விழுக்காடு, மோலார் விகிதம், சீரம், குளுக்கோஸ், நேரம், வெப்பம். மேற்பார்வையாளரிடம் முதல் முறையாகக் காட்டும்போது ஆல்புமின் கன்ட்ரோல், பால்மிட்டேட், ஓலியேட் என்று மூன்று கோடுகளை, 340, 380 தனித்தனியாகவும் சேர்த்து, கொண்டுபோங்கள். அந்த மூன்றும் வெவ்வேறு நாள்களில் ஒத்து வந்தபிறகு ஈஆருக்குள் வைக்கும் மரபணு வழிக் கால்சியம் உணரிகளுக்கும், கிடைத்தால் மனிதத் தீவுகளுக்கும் போகலாம். மனித பீட்டா செல்லில் குளுக்கோஸை உள்ளே விடுவது பெரும்பாலும் குளூட்-1, எலியில் குளூட்-2. ஆகவே அங்கே குளுக்கோஸ் அளவுகளை முதலிலிருந்து மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.